ஜி.ஐ. தகட்டை வீட்டிலேயே கறுக்க வைக்க முடியுமா?

கேள்வி இது: வரவேற்பறைச் சுவரின் ஒரு பகுதியை மூடுவதற்கும் இரண்டு விளக்குக் கூண்டுகள் செய்வதற்கும் ஜி.ஐ. தகடு வாங்கியாயிற்று, அதன் பளபளப்பான வெள்ளி நிறம் கண்ணை உறுத்துகிறது, பெயின்ட் பூச விருப்பமில்லை, உலோகமே கறுத்துப் பழையதாகத் தெரிய வேண்டும், சிலர் வினிகர் என்கிறார்கள், சிலர் கழிப்பறை கழுவும் திரவம் என்கிறார்கள், சிலர் மயில்துத்தம் என்கிறார்கள், இவற்றில் எதைப் பயன்படுத்தலாம்?

மயில்துத்தத்தைப் பயன்படுத்தலாம்; அதுவும் நன்றாக நீர்த்த கரைசலாக. வீட்டுக்குள் மழையும் ஈரமும் படாத இடத்தில் இருக்கும் தகட்டுக்கு இது போதுமான, மலிவான வழி. வினிகரும் கழிப்பறைத் திரவமும் தகட்டின் பளபளப்பைக் கொல்லுமே தவிர, கறுப்பைத் தருவதில்லை. பெரும்பாலும் வெளிறிய சாம்பல் நிறமும் வெள்ளைத் திட்டுகளுமே மிஞ்சும். ஆனால் எதைத் தொடுவதற்கு முன்பும் தகட்டின் மேல் எவ்வளவு துத்தநாகம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் இந்த வழிகளில் எதுவும் தகட்டின் மேல் புதிதாக ஒரு நிறத்தைப் பூசுவதில்லை. இருக்கும் துத்தநாகத்தில் ஒரு பங்கைக் கரைத்து, அதற்கு ஈடாகத்தான் நிறத்தைத் தருகின்றன.

ஜி.ஐ. தகடு என்பது ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த எஃகு. எஃகைத் துருவிலிருந்து காப்பது அந்தத் துத்தநாகப் படலம் மட்டுமே. அதன் அளவைக் கடைக்காரர்கள் ஜி.எஸ்.எம். என்ற கணக்கில் சொல்வார்கள், 120 ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் தகட்டின் இரண்டு பக்கங்களிலும் சேர்த்து 120 கிராம் துத்தநாகம் என்று பொருள், அதாவது பக்கத்துக்கு 60 கிராம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுக்குத் துத்தநாகம் ஏறத்தாழ 7.1 கிராம் இருக்கும் என்பதால், 120 தகட்டில் ஒரு பக்கப் படலம் எட்டு மைக்ரானைச் சற்றே தாண்டும். 275 தகட்டில் பத்தொன்பது மைக்ரானுக்கு மேல் வரும். ஆணி, போல்ட், மலிவான கம்பிக் கூடை போன்றவற்றில் மின்முலாமாக ஏற்றிய துத்தநாகம் பெரும்பாலும் இதைவிடவும் மெல்லியது. ஆகவே தகடு இன்னும் வாங்கவில்லை என்றால், விலை சற்றுக் கூடினாலும் 275 கேட்டு வாங்குங்கள்.

மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட். அதன் கரைசல் துத்தநாகத்தின் மேல் பட்டவுடன், செம்பைவிட எளிதில் வினைபுரியும் துத்தநாகம் கரைசலுக்குள் இறங்குகிறது. கரைசலில் இருந்த செம்பு வெளியேறித் தகட்டின் மேல் படிகிறது. அப்படிப் படியும் செம்பு மிக நுண்ணிய துகள்களாகப் படிவதால், அதுவும் அதன் ஆக்சைடும் சேர்ந்து நமக்குக் கறுப்பாகத் தெரிகின்றன. துத்தநாகம், செம்பு ஆகியவற்றின் அணு எடைகள் ஏறத்தாழ சமம் என்பதால் கணக்கும் எளிது: ஒரு கிராம் செம்பு படிய ஒரு கிராமுக்குச் சற்றே கூடுதலான துத்தநாகம் கரைய வேண்டும். ஒரு லிட்டர் நீரில் 20 கிராம் மயில்துத்தம் கரைத்தால் அதில் உள்ள செம்பு சுமார் 5 கிராம். அந்த ஒரு லிட்டரையும் ஒரு சதுர மீட்டர் பரப்பில் முழுமையாகச் செலவழித்தாலும் கரைவது ஒரு மைக்ரானுக்கும் குறைவான துத்தநாகமே. எட்டு மைக்ரானில் இது தாங்கக்கூடிய செலவு.

இதே வினையைத் தொழிற்சாலைகள் சோதனைக்காகப் பயன்படுத்துவதையும் இங்கே சொல்ல வேண்டும். துத்தநாகப் பூச்சு எல்லா இடத்திலும் சீராக இருக்கிறதா என்று அறிய, மயில்துத்தக் கரைசலில் ஒரு நிமிடம், ஒரு நிமிடமாக மாதிரியை முக்கி முக்கி எடுப்பார்கள். இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 2633 என்ற எண்ணில் இந்த முறை இருக்கிறது. துத்தநாகம் இருக்கும்வரை படிவது கறுப்பாக, துடைத்தால் போய்விடும் அளவுக்கு மென்மையாக இருக்கும். துத்தநாகம் தீர்ந்து எஃகு வெளிப்பட்ட இடத்தில் மட்டும் பளிச்சென்ற செம்பு நிறம் விடாப்பிடியாக ஒட்டிக்கொள்ளும். அந்தச் சோதனைக்குப் பயன்படும் கரைசல் 100 மில்லி நீருக்கு ஏறத்தாழ 36 கிராம் என்ற அளவில் செறிவானது. நாம் சொல்லும் கரைசல் அதில் பதினெட்டில் ஒரு பங்கு. ஆனாலும் குறி ஒன்றுதான்: வேலை செய்யும்போது தகட்டின் நடுப்பரப்பில் எங்கேனும் செந்நிறம் மின்னினால், அந்த இடத்தில் துத்தநாகம் போய்விட்டது, உடனே நிறுத்திக் கழுவ வேண்டும்.

இப்போது கழிப்பறைத் திரவத்துக்கு வருவோம். இவற்றில் பல சுமார் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொண்டவை. அந்தச் செறிவில் 100 மில்லி திரவம், வினை முழுமையடைந்தால், 9 கிராம் அளவுக்குத் துத்தநாகத்தைக் கரைத்துவிடும். ஒரு லிட்டர் மயில்துத்தக் கரைசல் செய்யும் சேதத்தைவிட இது அதிகம். கிடைப்பதோ கறுப்பு அல்ல, மங்கிய வெளிர்சாம்பல். போதாக்குறைக்கு, தகட்டின் நுண்ணிய பள்ளங்களில் தங்கிவிடும் குளோரைடு, காற்றின் ஈரத்தை இழுத்துச் சில நாட்களில் வெண்துருவை, அதாவது துத்தநாகம் அரித்து உண்டாகும் வெள்ளைப் பொடியை, கிளப்பும். உப்பு கலந்த வினிகருக்கும் இதே குறை உண்டு. புத்தம்புதிய வாளியைப் பழைய வாளிபோலக் காட்ட வேண்டும் என்பவர்களுக்கு அந்த வெளிறல் போதுமானதாக இருக்கலாம்; உங்கள் தேவை அதுவல்ல.

துத்தநாகத்தைக் கறுக்க வைப்பதில் நம் நாட்டுக்கு நீண்ட அனுபவம் இருக்கிறது. கர்நாடகத்தின் பீதர் நகரத்தில் செய்யப்படும் பித்ரி வேலைப்பாட்டின் கறுப்பு, துத்தநாகத்தின் கறுப்புதான். 2006ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கலை அது. ஏறத்தாழ பதினாறு பங்கு துத்தநாகத்துக்கு ஒரு பங்கு செம்பு என்ற கலவையை வார்த்து, மெருகேற்றி, மேற்பரப்பில் மயில்துத்தக் கரைசலைத் தடவுவார்கள். உடனே அது தற்காலிகமாகக் கறுத்துவிடும். அந்தக் கறுப்பின் மேல் ஊசியால் கீறி வரையும் கோடுகள் வெள்ளையாகத் தெரியும் என்பதற்காகவே அந்தத் தடவல். பிறகு கோடுகளைச் செதுக்கி, வெள்ளிக் கம்பியைப் பதித்து, தேய்த்து, கடைசியில் பீதர் கோட்டையின் பழைய மண்ணையும் நவச்சாரத்தையும் (அம்மோனியம் குளோரைடு) நீரில் கலந்து சுடவைத்து அதில் தோய்க்கிறார்கள். துத்தநாகம் நிலையான கறுப்பாக மாற, வெள்ளி அப்படியே வெள்ளையாக நிற்கும். முடிவில் எண்ணெய் தேய்த்தவுடன், அதுவரை சாம்பல் பூத்தது போலிருந்த கறுப்பு ஆழமாகிறது.

நமக்கு இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. முதலாவது, செம்பு இல்லாமல் அந்தக் கறுப்பு வராது; பித்ரியில் செம்பு உலோகத்துக்குள்ளேயே இருக்கிறது, ஜி.ஐ. தகட்டில் அது இல்லாததால் கரைசலிலிருந்து வர வேண்டும். எனவே நாட்டு மருந்துக் கடையில் நவச்சாரம் வாங்கிவந்து தகட்டில் தடவினால் பித்ரி நிறம் வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். நவச்சாரமும் ஒரு குளோரைடு, அது வெண்துருவுக்குத்தான் வழி. இரண்டாவது, எண்ணெயோ மெழுகோ ஏறிய பிறகுதான் கறுப்பின் உண்மையான நிறம் தெரியும். காய்ந்த நிலையில் தகடு சாம்பலாகத் தெரிகிறதே என்று மேலும் மேலும் கரைசலைத் தடவுவது துத்தநாகத்தை வீணாக்குவது.

வேலையைத் தொடங்குமுன் கையில் இருப்பது எந்த உலோகம் என்று உறுதி செய்யுங்கள். கடையில் 'கால்வால்யூம்' என்று விற்கப்படும் தகட்டின் பூச்சில் பாதிக்கு மேல், 55 சதவீதம், அலுமினியம். அது மயில்துத்தத்துக்கு ஒழுங்காகக் கறுக்காது, திட்டுத்திட்டாகும். பூச்சுக்கு மஞ்சள் கலந்த வானவில் மினுமினுப்பு இருந்தால் அது மஞ்சள் குரோமேட் பூச்சு; அதில் நச்சுத்தன்மை மிக்க குரோமியம் இருக்கக்கூடும், அதைத் தேய்க்கவே வேண்டாம். சாதாரண ஜி.ஐ. தகட்டிலும், கிடங்கில் வெண்துரு பிடிக்காமலிருக்க ஆலையிலேயே எண்ணெயோ, கண்ணுக்குத் தெரியாத பாதுகாப்புப் படலமோ கொடுத்திருப்பார்கள். வெட்டித் துண்டான ஓர் ஓரத்தில் ஒரு சொட்டுக் கரைசலை விட்டுப் பாருங்கள். சொட்டு விழுந்த சில விநாடிகளில் கறுத்தால் தகடு தயார். நெடுநேரம் நீலமாகவே நின்றாலோ, விளிம்பில் மட்டும் புள்ளிபுள்ளியாகக் கறுத்தாலோ படலம் இருக்கிறது என்று பொருள்.

அதை நீக்க அமிலம் தேவையில்லை. பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் கொண்டு எண்ணெயைப் போக்கிவிட்டு, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரினாலோ மிக நைசான உப்புத்தாளினாலோ, தண்ணீர் விட்டபடியே, ஒரே திசையில், லேசான அழுத்தத்தில் தேய்த்தால் போதும். ஈரத்தோடு தேய்ப்பது தூசி மூச்சில் ஏறாமலிருக்கவும் உதவும். இரும்பு நாரைப் பயன்படுத்தாதீர்கள். அதன் துணுக்குகள் தகட்டில் குத்திக்கொண்டு பின்னர் துருப்புள்ளிகளாக வெளிவரும். தேய்த்த பிறகு மேற்பரப்பில் தண்ணீர் முத்துமுத்தாகத் திரளாமல் ஒரே படலமாகப் பரவினால் சுத்தம் போதுமானது. அதன்பின் வெறுங்கையால் தொடக் கூடாது; விரல் பட்ட இடம் கறுக்கும்போது ரேகையோடு தெரியும்.

மயில்துத்தம் உரக்கடையில் கிடைக்கும். பயிர்களுக்குத் தெளிக்கும் போர்டோ கலவைக்காக வைத்திருப்பார்கள். ஒரு லிட்டருக்கு 20 கிராம் என்ற கணக்கில் பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். இரும்பு வாளியோ ஜி.ஐ. வாளியோ வைத்தால் கரைசல் வாளியைத்தான் முதலில் தின்னும். செறிவைக் கூட்டினால் கறுப்பு சீக்கிரம் வரும், ஆனால் தடித்துத் தளர்ந்த படிவாக வந்து கழுவும்போதே உரிந்து போகும். நீர்த்த கரைசலில் இரண்டு மூன்று தடவையாக ஏற்றும் நிறமே தகட்டோடு ஒட்டி நிற்கிறது. இந்த ஒரு விஷயத்தில்தான் பெரும்பாலானவர்கள் பொறுமை இழக்கிறார்கள்.

தகட்டைக் கிடையாகப் போட்டு, முதலில் வெறும் தண்ணீரால் நனைத்து, பிறகு கரைசலில் தோய்த்த ஸ்பாஞ்சினால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நிறுத்தாமல் தடவுங்கள். ஸ்பாஞ்சு கடந்துபோன தடத்தில் முதலில் தேநீர்க் கறைபோன்ற பழுப்பு தோன்றும், அது உடனே அடர்ந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிய கறுப்பாகிவிடும். துத்தநாகம் உறையும்போது உண்டான பூப்பூவான படிகங்கள் எல்லாம் ஒரே அளவாகக் கறுப்பதில்லை. ஒன்று கரியாகவும் பக்கத்திலிருப்பது புகைச்சாம்பலாகவும் நிற்கும். என் கணிப்பில் இந்த முறையின் அழகே அதுதான், பெயின்டால் அதைக் கொண்டுவர முடியாது. முற்றிலும் சீரான கறுப்புதான் வேண்டும் என்றால், படிகங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியதாக இருக்கும் தகட்டைக் கேட்டு வாங்க வேண்டும். தகட்டைச் சாய்த்து நிறுத்தித் தடவினால் வழிந்த கோடுகள் நிரந்தரமாகப் பதியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அரை நிமிடத்துக்குள் நல்ல தண்ணீரை ஊற்றி, மென்மையாகக் கழுவுங்கள். தளர்ந்த கறுப்புப் பொடி நீரோடு போகட்டும். எது நிற்கிறதோ அதுதான் உங்கள் நிறம். போதவில்லை என்றால் மீண்டும் ஒரு முறை. கடைசிக் கழுவலுக்கு ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் வெள்ளை வட்டங்கள் விழும். மழைநீரோ வடிகட்டிய குடிநீரோ நல்லது. கழுவியவுடன் பருத்தித் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, வெயிலில் அல்லது முடி உலர்த்தும் கருவியின் சூட்டில் முழுதாகக் காயவையுங்கள். ஈரத்தோடு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இடையில் வெண்துரு பிடிக்கும்.

வெட்டிய விளிம்புகளில் ஒரு மெல்லிய செந்நிறக் கோடு ஓடியிருப்பதைக் காண்பீர்கள். அங்கே எஃகு வெளியே தெரிவதால் செம்பு நேராக அதன்மேல் படிந்திருக்கிறது. பார்க்க அழகாக இருந்தாலும் அதை விட்டுவைக்கக் கூடாது. ஈரம் பட்டால் செம்புக்கு அடுத்திருக்கும் எஃகு விரைவில் அரிக்கும். சிறிய அரத்தால் ஒரு இழுப்பு இழுத்து அதை நீக்கிவிட்டு, துத்தநாகத் தூள் கலந்த பெயின்டைக் கோடாகப் பூசிவிடுங்கள். எனவே தகட்டை வெட்டுவது, வளைப்பது, துளையிடுவது எல்லாவற்றையும் கறுக்கவைக்கும் முன்பே முடித்துவிடுவது நல்லது.

இதே காரணம்தான் மேற்பூச்சைக் கட்டாயமாக்குகிறது. நாம் தகட்டின் முகம் முழுவதும் செம்புத் துகள்களைப் பரப்பி வைத்திருக்கிறோம். காய்ந்திருக்கும்வரை அவை சும்மா இருக்கும். ஈரம் பட்டால் ஒவ்வொரு துகளும் துத்தநாகத்தோடு சேர்ந்து ஒரு நுண்ணிய மின்கலம் ஆகி, அதை அரிக்கத் தொடங்கும். கறுப்பின் ஊடே வெள்ளைப் பொடி கிளம்புவது அதனால்தான். வீட்டுக்குள் இருக்கும் சுவர்த் தகட்டுக்கு நிறமற்ற மெழுகு பாலிஷ் இரண்டு தடவை போதும். கை படும் இடங்களில் ஆண்டுக்கொரு முறை புதுப்பித்தால் நல்லது. விளக்குக் கூண்டு சூடாகும் என்பதால் அதற்கு மெழுகைவிட நிறமற்ற அக்ரிலிக் லேக்கர் ஏற்றது. எண்ணெய் அடிப்படையிலான வார்னிஷையோ சாதாரண எனாமலையோ நேரடியாகத் துத்தநாகத்தின் மேல் பூசாதீர்கள். அவற்றின் எண்ணெய்ப் பகுதியோடு துத்தநாகம் வினைபுரிந்து இடையில் சோப்பு போன்ற ஒரு படலத்தை உண்டாக்கி, சில காலத்தில் பூச்சு ஏடு ஏடாக உரிந்துவரும். ஜி.ஐ. கதவில் அடித்த பெயின்ட் நிற்கவில்லை என்ற புகார் பல வீடுகளில் எழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளிப்புறத்துக்கு, குறிப்பாகக் கடற்கரை ஊர்களில், இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். லேக்கரில் ஒரு கீறல் விழுந்தாலும் அங்கிருந்து வெண்துரு பரவும். வெளியே இருக்க வேண்டிய தகட்டுக்கு இருண்ட நிறம் வேண்டுமானால் பாஸ்பாரிக் அமில அடிப்படையிலான பாஸ்பேட் பூச்சைப் பாருங்கள். அது செம்பை விட்டுச்செல்வதில்லை, நிறம் கறுப்பாக இல்லாமல் மங்கிய சாம்பலாக இருக்கும். ஐரோப்பாவில் கட்டடங்களுக்கு ஆலையிலேயே நிறம் ஏற்றி விற்கும் துத்தநாகத் தகடுகளில் இந்த வழி நடைமுறையில் உள்ளது. எதுவும் செய்யாமல் விட்டாலும்கூட, காற்றும் மழையும் மாறி மாறிப் பட்டால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் துத்தநாகத்தின் மேல் கார்பனேட் படலம் தானே உருவாகிப் பளபளப்பு அடங்கிவிடும். பாரிஸ் நகரக் கூரைகளின் சாம்பல் நிறம் அப்படி வந்ததுதான். அந்தக் கூரைகளை வேயும் துத்தநாகக் கைவினைஞர்களின் திறனை 2024ஆம் ஆண்டு யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

செலீனியம் சேர்ந்த ஆயத்தக் கரைசல்களும் சந்தையில் உண்டு. துப்பாக்கிக் குழலைக் கறுக்க விற்கும் நீலத் திரவங்கள் பலவும் அந்த வகையே. கறுப்பு அவற்றில் இன்னும் அடர்த்தியாகவும் உறுதியாகவும் வரும் என்பது உண்மை. ஆனால் செலீனியச் சேர்மங்களின் நச்சுத்தன்மையை நினைத்தால், விளக்குக் கூண்டு அளவிலான சிறு பொருளுக்கு, திறந்த வெளியில், கையுறையோடு மட்டும் பயன்படுத்தலாம். சுவர் அளவு தகட்டுக்கு வீட்டில் வேண்டாம்.

மயில்துத்தமும் விஷமே. அதன் படிகங்கள் நீலக் கற்கண்டைப் போலிருப்பதால் குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டி வைக்க வேண்டும், பழைய உணவு டப்பாக்களில் போட்டு வைக்கவே கூடாது. ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தண்ணீர்த் தொட்டி, உணவு படும் தட்டு, குடிக்க மழைநீர் சேகரிக்கும் கூரை, எடை தாங்கும் சட்டம் ஆகிய எதிலும் இதைச் செய்யாதீர்கள். கழிப்பறைத் திரவத்தைத்தான் பயன்படுத்துவேன் என்று பிடிவாதமாக இருப்பவர்கள், அருகில் பிளீச்சிங் பவுடர் கலந்த எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கேஸ் விளக்கால் சுட்டுக் கறுக்கலாம் என்ற யோசனையையும் சிலர் சொல்கிறார்கள். துத்தநாகம் சுமார் 420 டிகிரியிலேயே உருகிவிடும், அளவு மீறிச் சுட்டால் எழும் வெண்புகையைச் சுவாசிப்பவருக்குக் குளிர்காய்ச்சல் வரும்.

மீந்த கரைசலைச் சாக்கடையிலோ கிணற்றடியிலோ கொட்ட வேண்டாம். மீன்களுக்குச் செம்பு மிகச் சிறிய அளவிலேயே கேடு. வெட்டி மீந்த ஜி.ஐ. துண்டுகளைக் கரைசலில் போட்டு, நீலம் முற்றிலும் வெளுக்கும்வரை விட்டுவிடுங்கள். செம்பெல்லாம் அடியில் செம்பழுப்புச் சேறாகத் தங்கும். மேலே நிற்பது துத்தநாக சல்பேட். நெல் வயலுக்கு இடும் உரத்தின் பெயரும் அதுதான் என்றாலும், மிச்சச் செம்பு அதில் இருக்கும் என்பதால் பூந்தொட்டிக்கு ஊற்ற ஆசைப்பட வேண்டாம். அதில் சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் வெள்ளையாகத் திரிந்து படியும். பழைய துணியில் வடிகட்டி, சேற்றைக் காயவைத்து, பெயின்ட் டப்பா, பழைய பேட்டரி போன்ற அபாயக் கழிவுகளோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம்.